குப்புறக் கிடந்த கல்

ஸ்ரீரங்கம்
12.8.2024

தம்பி வீரமலைக்கு,

அக்கா வள்ளிக்கண்ணு எழுதறது. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. கடலூர் காத்து உனக்கு ஒத்துக்குதா? ஜெயில் சோறு வயித்துக்குச் சேருதா? அந்த வறட்டு இருமல் போச்சா?

ஃபோன்ல பேசலாமேன்னு கேப்ப. அங்க அஞ்சு நிமிஷம்தான் குடுக்கறாங்க. எனக்குக் கதை ஆரம்பிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்னு உனக்கே தெரியும். அதான் கொம்பும் சுழியும் தப்பா இருந்தாலும் பரவால்லன்னு கடுதாசி போடறேன்.

நான் தொட்டியத்துல இருந்து கிளம்பி வந்துட்டேன். வர்ற வழியில பஸ்ல ஒரு கூத்து. ஒரு பொம்பள பூவன் தாரை ஜன்னலோர சீட்டுல உக்கார வச்சுட்டு நின்னுக்கிட்டே வரா. கண்டக்டர், "ஏம்மா, தாருக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா?"ங்கறார். அவ, "அது இன்னும் பழுக்கல, அரை டிக்கெட்டே போடுங்க"ங்கறா. பஸ்ஸே சிரிச்சுது. முசிறி தாண்டுற வரைக்கும் நானும் சிரிச்சேன். அப்புறம் உன் ஞாபகம் வந்துடுச்சு.

இங்க ஒரு வீட்டுல சமையல் வேலை கிடைச்சிருக்கு. தங்கறதும் அங்கயே. அந்த ஐயா காலேஜுல பாடம் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவர். அம்மா நல்லவங்க.

உன் கேஸு நடந்தப்ப நான் அம்மை போட்டு வேப்பிலையில கிடந்தேன். கோர்ட்டுல வந்து உன் பக்கத்துல நிக்க முடியல. அங்க யாரும் என் மூஞ்சியப் பாக்கவும் இல்ல. இப்ப யோசிச்சா அதுவும் நல்லதுக்குத்தான்னு தோணுது. அந்தக் கல்லுக்கார ஐயாவுக்கு மூணு கடுதாசி போட்டேனே, என் தம்பி எடுத்திருக்க மாட்டான், வீட்டுல இன்னொரு தடவை தேடிப் பாருங்கன்னு. ஒண்ணுக்கும் பதில் வரல. போகட்டும்.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்துல ஜெஸிமா தையல் கடைன்னு இருக்கு. பதிலை அந்த விலாசத்துக்குப் போடு. வேலை செய்யற வீட்டுக்குப் போடாத.

ஒடம்பப் பாத்துக்கடா.
அக்கா


கடலூர்
30.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீரமலையின் வணக்கம். இருமல் குறைந்துவிட்டது. சோறு பழகிவிட்டது. வாழைத்தார் கதையை என் அறையில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அரை டிக்கெட் என்று இப்போது ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

எந்த வீடு என்று நீ எழுதவில்லை. ஸ்ரீரங்கத்தில் ரிட்டையர் ஆன வாத்தியார்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். முருகானந்தம் சார் வீடு மட்டும் வேண்டாம், அக்கா. அந்தப் பெயரை எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

நான் அவருக்குக் கார் ஓட்டினேன், அவ்வளவுதான். ராஜஸ்தான் பக்கத்து யூனிவர்சிட்டி ஒன்று அவர் ஆராய்ச்சிக்கு இரவல் கொடுத்த கல் அது. திருச்சி ஜங்ஷனில் போர்ட்டரோடு சேர்ந்து பெட்டியை இறக்கி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தேன். வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார். "வீரமலை, இது அம்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்த உயிர்டா. எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, வாய்கூட கிடையாது. செத்தா சுவடே இல்லாமப் போயிருக்கணும். திடீர்னு மணல் வந்து மேல அமுக்கிடுச்சு. அந்த அமுக்கின அச்சுதான் இது" என்றார். கேட்க நன்றாக இருந்தது. "இதுக்கு என்ன விலை சார் இருக்கும்?" என்று கேட்டேன். யாராக இருந்தாலும் கேட்பதுதானே?

அடுத்த வாரம் கல்லைக் காணோம் என்றார். "அவன்தான் விலை கேட்டான்" என்று போலீஸிடம் சொன்னார். அந்த ஒரு கேள்விக்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த வீடு என்று எழுது.

தம்பி வீரமலை


ஸ்ரீரங்கம்
20.9.2024

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சொகம். ஜெஸிமா உனக்கு சலாம் சொல்லச் சொன்னா. அவ கடையில தையல் மெஷினுக்கு ஒரு கால் ஆடுது. அவ மிதிச்சா மெஷினு நடந்து வாசலுக்கே வந்துடுது. "கஸ்டமரை எதிர்கொண்டு கூட்டிட்டு வர்ற மெஷினு"ன்னு பெருமையா சொல்லிக்கறா.

நான் இருக்கற வீட்டப் பத்திக் கேட்ட. நல்ல வீடு. மாடியில கண்ணாடி பீரோ பீரோவா கல்லு வச்சிருக்காங்க. அரியலூர் பக்கம், காரை பக்கமெல்லாம் போய் ஐயா பொறுக்கினதாம். ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்டுக்கிட்ட சங்கு, சிப்பி. எல்லாம் ஓட்டோட இருக்கற சாமான். அதை அவர் கழுவறதப் பாக்கணுமே. டப்புல ஆசிட்ட ஊத்தி ஊறப் போட்டு, கம்பி பிரஷ்ஷை வச்சுப் பரக் பரக்குன்னு தேய்ப்பார். மண்ணெல்லாம் உதிர்ந்து ஓடு பளபளன்னு வந்து நிக்கும். நாப்பது வருஷப் பழக்கமாம். அந்தக் கை எதையும் தேய்க்காம விடாது. போன வாரம் என் எவர்சில்வர் தோசைக் கரண்டியத் தேய்ச்சுட்டார்.

ஹால்ல ஒரு பெரிய படம் மாட்டியிருக்கு. சாமி படம்னு நெனச்சுக் கும்பிடப் போயிட்டேன். பாத்தா ஒரு கல்லு. நடுவுல பெரிய சப்பாத்தி அகலத்துக்கு வட்டமா ஒரு அச்சு, அதுக்குள்ள இலை நரம்பு மாதிரி கோடு கோடா. ஓரத்துல அதே மாதிரி குட்டி அச்சு ஒண்ணு, வடை அளவுல. அதுக்குக் கீழ செவப்புப் பெயிண்ட்ல நம்பரு. மாலை ஒண்ணுதான் பாக்கி. தினமும் நான்தான் தொடைக்கறேன்.

அம்மா பேரு ஆனந்தவள்ளி. நான் சாப்பிடறப்ப எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. "என்னம்மா, ரொம்ப திங்கறேனா?"ன்னேன். "இல்ல கண்ணம்மா, நீ சாப்பிடறது எனக்குப் பழக்கப்பட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. ஆமா, இங்க என் பேரு கண்ணம்மா.

கோவப்படாதடா. கோவப்பட்டா இருமல் வரும்.

அக்கா


கடலூர்
8.10.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உன் கடிதத்தை மூன்று நாள் மடித்தே வைத்திருந்தேன். அந்தப் படத்தில் இருப்பது எந்தக் கல் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டை விட்டு உடனே வெளியே வா.

வரமாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன். நம் தோட்டத்து வாழைக்கிழங்கை எலி குடைந்தபோது அப்பா என்ன செய்தார் என்று நினைவிருக்கிறதா? சமையல் உன் கையில்தானே இருக்கிறது? நான் ஒன்றும் சொல்லவில்லை. நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

வீரமலை


ஸ்ரீரங்கம்
4.11.2024

தம்பிக்கு,

தீபாவளிக்கு உனக்கு ஸ்வீட்டு குடுத்தாங்களா? எனக்கு அம்மா பச்சைக் கலர்ல பூனம் புடவை எடுத்துக் குடுத்தாங்க. கட்டிக்கிட்டேன். ஒடம்பு கூசுச்சு. கட்டிக்கிட்டேன்.

எலியப் பத்திக் கேட்டிருந்த. இந்தக் கடுதாசியப் படிச்சுப் பாக்கற ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம். இது எங்க தோட்டத்து எலிக் கதைதாங்க, படிச்சுட்டுத் தம்பிகிட்ட குடுத்துடுங்க.

அப்பா மருந்து வச்சார். எலி ஒரே ராத்திரியில செத்துச்சு. எதுக்குச் செத்தோம்னு அதுக்குத் தெரிஞ்சுதா? ஊருக்குத் தெரிஞ்சுதா? ஒரு ஈ காக்காய்க்குத் தெரியல. எனக்கு அது பத்தாதுடா. எலி உயிரோட இருக்கணும். பத்து பேரு சுத்தி நின்னு பாக்கறப்ப வளைய வெட்டித் தொறக்கணும். எலி முழிக்கணும். அந்த முழியத்தான் நான் பாக்கணும். உன்னப் போலீஸ் ஜீப்புல ஏத்தறப்ப நம்ம தெருவே நின்னு பாத்துச்சுல்ல, நீ முழிச்சல்ல. அந்த மாதிரி.

இப்ப வேற விஷயம். துணி துவைக்கிற விஷயம்.

இந்த வீட்டுக் கொல்லையில குழாயடியில துவைக்கிற கல்லு ஒண்ணு கிடக்கு. ரெண்டு பக்கமும் செங்கல்ல முட்டுக் குடுத்து மேல வச்சிருக்கு. எல்லா வீட்டுலயும் துவைக்கிற கல்லு கறுப்பா இருக்கும். இது மட்டும் செங்காமட்டைக் கலரு. இந்த ஊர்க் கல்லு மாதிரி இல்லையேன்னு முதல் நாளே நெனச்சேன். போன செவ்வாக்கிழமை ஐயாவோட வேட்டிக்கு சோப்பு போடறேன், சோப்பு வழுக்கி உருண்டு கல்லுக்கு அடியில போயிடுச்சு. குனிஞ்சு கையை விட்டுத் துழாவறேன். கல்லோட அடிப்பக்கம் என் விரல்ல பட்டுச்சு. நடுவுல பூராம் பரபரன்னு கீறல். கம்பியால தேய்ச்ச கீறல். ஓரத்துக்கு விரலக் கொண்டுபோறேன், வடை அளவுக்கு வட்டமா மேடு தட்டுது. உள்ள கோடு கோடா. இலை நரம்பு மாதிரி.

தினமும் தொடைக்கற படமாச்சே. கண்ண மூடிக்கிட்டே தெரிஞ்சுது.

திருட்டுப் போன கல்லு மேலதான் மூணு மாசமா நான் அவர் வேட்டியத் துவைச்சிருக்கேன். சங்குன்னு நெனச்சு ஆசிட் ஊத்தித் தேய்ச்சிருக்கார் மனுஷன். பெரிய அச்சு கோலத்தத் தண்ணி ஊத்தி அழிச்ச மாதிரி போயிருக்கு. இரவல் குடுத்தவங்களுக்கு என்ன சொல்றது? ட்ரைவர் திருடிட்டான்னு சொல்லியாச்சு. மிச்சத்தக் குப்புறப் போட்டாச்சு.

சோப்ப எடுத்தேன். வேட்டிய நல்லா அலசிக் காயப் போட்டேன். பொறுமையா இரு.

அக்கா


கடலூர்
25.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் கிடைத்த அன்றே அதை நாலு தடவை படித்தேன். கல்லை உடனே போட்டோ எடுத்து வக்கீலிடம் கொடு. தாமதித்தால் அவர் அதை அகற்றிவிடுவார். ஒவ்வொரு நாளும் இங்கே இருப்பது நான், நீ இல்லை. உடனே பதில் போடு.

வீரமலை


கடலூர்
6.1.2025

அக்காவுக்கு,

கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? எலியைப் பற்றி எழுதியது என் புத்திகெட்ட எழுத்து. ஒன்றும் செய்யாதே. நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போடு, போதும்.

தம்பி


ஸ்ரீரங்கம்
12.2.2025

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். ரெண்டு மாசம் உன்னத் தவிக்க விட்டேன். வேணும்னுதான் எழுதல. எழுதியிருந்தா நீ வக்கீலு வக்கீலுன்னு நிப்ப. வக்கீலு போட்டோவக் காட்டினா, "வேலைக்காரி எங்கயிருந்தோ கொண்டாந்து போட்டா"ம்பார் ஐயா. வளைய வெட்டற நாளு ஒண்ணு வருதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஐயா மாடி பீரோவையெல்லாம் கீழ கொண்டாந்து வீட்டு முன்பக்கத்தையே கல் காட்சிசாலையா ஆக்கினார். போன ஞாயித்துக்கிழமை தொறப்பு விழா. கொல்லையில பந்தலு, இலை போட்டுச் சாப்பாடு. பெரிய பெரிய ஆளுங்க. ராஜஸ்தான் யூனிவர்சிட்டியில இருந்தும் ஒருத்தங்க வந்திருந்தாங்க. பேரு மெஹ்ரீன். பாத்தா நம்ம திருச்சி பாலக்கரைப் பொண்ணு. அங்க படிச்சு அங்கயே வேலை. அந்தக் கல்லப் பெட்டியில வச்சு அனுப்பினதே அவங்கதானாம்.

காலையில நான் அம்மாகிட்ட போய், "துவைக்கிற கல்லு பாசி புடிச்சு வழுக்குதும்மா. விருந்தாளிங்க கை கழுவற இடம். இலைக்கட்டு கொண்டாந்த ஆளுங்க நிக்கறாங்க, திருப்பிப் போட்டுடவா?"ன்னேன். அம்மா பூ தொடுத்துக்கிட்டு இருந்தவங்க நிமிரவே இல்ல. "போடு. ரொம்ப நாளா குப்புறவே கிடக்கு"ன்னாங்க.

திருப்பிப் போட்டு, ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன்.

ஐயா மைக்குல பேசினார். கோடி கோடி வருஷம் பேசினார். கடைசியில அந்தப் படத்தக் காட்டி, "இந்தப் பொக்கிஷத்த ஒரு படிக்காத ட்ரைவரோட பேராசைக்கு நாம பறிகொடுத்தோம்"னு சொல்லிக் கண்ணத் தொடைச்சுக்கிட்டார். எல்லாரும் ச்சு கொட்டினாங்க. நான் சாம்பார் வாளியோட நின்னேன்.

சாப்பிட்டு முடிச்சு மெஹ்ரீன் கை கழுவ வந்தாங்க. குழாயத் தொறந்தாங்க. தண்ணி ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு, கை மட்டும் அசையல. அப்புறம் பட்டுப் புடவையோட அப்படியே குந்தினாங்க. முந்தானையால அந்த ஓரத்தத் தொடைச்சாங்க. குட்டி அச்சு. செவப்பு நம்பரு.

"சார், கொஞ்சம் இங்க வாங்களேன்."

ஐயா கையில பாதி ஜாங்கிரியோட வந்தார்.

"இது என்ன சார்?"

"இது... துவைக்கிற கல்லும்மா."

"தெரியுது சார். எங்க நம்பர் போட்ட துவைக்கிற கல்ல இப்பத்தான் பாக்கறேன். நடுவுல என்ன ஆச்சு? கம்பி பிரஷ்ஷா?"

பந்தல்ல இருந்தவங்கல்லாம் குழாயடிக்கு வந்துட்டாங்க. ஐயா கல்லப் பாக்கறார், மெஹ்ரீனப் பாக்கறார். அப்ப ஒரு வார்த்தை சொன்னார் பாரு. இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டிருந்தாக்கூட தப்பிச்சிருப்பார். அப்படிக் கேக்கல. "யார் இதைத் திருப்பிப் போட்டது?"ன்னு கத்தினார்.

அவ்வளவுதான். அத்தன பேரும் கேட்டாச்சு.

"நான்தான் திருப்பச் சொன்னேன்"னாங்க அம்மா.

ஐயா முழிச்சார்டா. நான் பாத்தேன். சாம்பார் வாளியக் கீழ வச்சுட்டு, "சார், என் பேரு கண்ணம்மா இல்லீங்க. வள்ளிக்கண்ணு. படிக்காத ட்ரைவரோட அக்கா"ன்னேன். ஜாங்கிரி பாகு அவர் முழங்கை வரைக்கும் வழிஞ்சு சொட்டுது. தொடைக்கத் தோணல அவருக்கு.

மெஹ்ரீன் அங்கயே உக்காந்து போலீஸுக்கும் அவங்க ஊருக்கும் எழுதிக் குடுத்தாங்க. உன் வக்கீலு விவரத்தையும் வாங்கிக்கிட்டாங்க.

சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டு அம்மாகிட்ட போய் அந்தப் பச்சைப் புடவைய மடிச்சு வச்சேன். "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"ன்னேன். "முதல் நாளே. மோர்சாதத்துல குழி பண்ணி அதுக்குள்ள உப்பு வச்சுக்கிட்ட. வீரமலையும் இந்தச் சமையல்கட்டுல உக்காந்து அப்படித்தான் சாப்பிடுவான்"னாங்க. அப்புறம், "அந்தக் கல்ல உடைச்சுப் போடுங்கன்னு நான் சொன்னேன். கல்ல உடைக்க மனசு வரலைன்னுட்டார்"னாங்க.

கல்ல உடைக்க மனசு வரலையாம்.

புடவைய அவங்க எடுத்துக்கல. நானும் எடுத்துக்கல. நடுவுலயே கிடந்துச்சு.

இப்ப ஜெஸிமா வீட்டுல இருக்கேன். ராத்திரி நல்லாத் தூங்கு.

அக்கா


ஸ்ரீரங்கம்
3.3.2025

மதிப்பிற்குரிய வள்ளிக்கண்ணு அவர்களுக்கு,

முருகானந்தம் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் சகோதரரும் நலமுடன் இருக்க வேண்டுமென விழைகிறேன். என் உடல்நிலை நன்றாக இல்லை. இரத்த அழுத்தம் அதிகமாக உள்ளது.

நடந்ததை நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓடுள்ளவற்றைச் சுத்தம் செய்த கை. அது தோல் கனம்கூட இல்லாத அச்சு என்பதை அந்தக் கணத்தில் கை மறந்துவிட்டது. அரை நிமிடம்தான். அதன் பிறகு பயந்துவிட்டேன்.

பொய்ப் புகார் கொடுத்ததாக என்மீது வழக்கு வருகிறது. நான் பதற்றத்தில் தவறாகச் சந்தேகித்தேனே தவிர, வேண்டுமென்று செய்யவில்லை என்று தாங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இந்த வயதில் சிறை செல்லாமல் தப்புவேன். அன்புகூர்ந்து பதில் எழுதவும். தினமும் எதிர்பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
முருகானந்தம்


கடலூர்
28.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம். வக்கீல் வந்தார். மேல் கோர்ட்டில் மெஹ்ரீன் அம்மா கொடுத்த அறிக்கையை ஏற்றுக்கொண்டார்களாம். அடுத்த மாதக் கடைசிக்குள் வெளியே வந்துவிடுவேன் என்றார். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அரை டிக்கெட் அழுதுவிட்டான்.

முருகானந்தம் சார் உனக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி வக்கீல் சொன்னார். அக்கா, இந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் தாங்கமாட்டார். அவர் கேட்கிறபடி எழுத வேண்டாம். மாட்டேன் என்றாவது ஒரு பதில் போட்டுவிடு. மனுஷர் காத்திருப்பார்.

தம்பி வீரமலை


ஸ்ரீரங்கம்
21.4.2025

தம்பிக்கு,

நீ இதைப் படிக்கறதுக்குள்ள கிளம்பிட்டாலும் கிளம்பியிருப்ப. இருந்தாலும் எழுதறேன். ஜீயபுரத்துல இருந்து ஒருத்தர் நல்ல பச்சை மொந்தன் கொண்டாந்து தரேன்னிருக்கார். வந்ததும் வாழைக்காய்ப் பொடிமாஸ் பண்ணறேன். மோர்சாதத்துல எத்தனை குழி வேணும்னாலும் வெட்டிக்கோ.

ஐயாவுக்குப் பதில் போடச் சொன்ன. அந்த வீட்டுல இருந்தப்ப நடந்த ஒண்ண மட்டும் நான் உனக்கு எழுதல. எழுதினா என்னால அங்க சமைச்சுப் போட முடியாதுன்னு எழுதல.

ஒரு நாள் கண்ணாடி பீரோ தட்ட எடுத்துத் தொடைச்சேன். சங்குங்க ஆடாம இருக்கறதுக்கு அடியில காகிதத்த மடிச்சு வச்சிருந்தார். பாத்தா என் கையெழுத்து. நான் போட்ட மூணு கடுதாசியும். ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு. பிரிச்சுப் படிச்சுட்டுப் போடின்னு தூக்கி எறிஞ்சிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். பிரிக்கவே இல்லடா. ரெண்டு வருஷமா நான் தொட்டியத்துல போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேக்கறப்பல்லாம் வாசலுக்கு ஓடியிருக்கேன். அவரு சங்குக்கு அண்டக் குடுத்து வச்சிருக்கார்.

அவர்கிட்ட இருந்து இதுவரைக்கும் மூணு கடுதாசி வந்துடுச்சு. முதல் கடுதாசிய மட்டும் பிரிச்சுப் படிச்சேன். தினமும் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு கேட்டுகிட்ட நாற்காலியப் போட்டு உக்காந்துக்கறாராம். முந்தாநேத்து அந்த வீட்டுக்கு எதிர்த்த கடைக்குப் பால் வாங்கப் போனப்ப நானே பாத்தேன். மணிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு நின்னார். போஸ்ட்மேன் நிக்காமப் போயிட்டார். அம்மா வந்து கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அம்மாவப் பாத்தா மட்டும் எனக்கு என்னவோ பண்ணுது. பாலைக் கொஞ்சம் சிந்திட்டேன்.

ஜெஸிமா மெஷினுக்கு ஒரு கால் ஆடும்னு எழுதியிருந்தேன்ல. ஐயாவோட மூணு கடுதாசியையும் சேத்து நாலா மடிச்சு அதுக்கு அண்டக் குடுத்திருக்கேன்.

இப்ப ஆடறதே இல்ல.

பத்திரமா வந்து சேரு.
உன் அக்கா
வள்ளிக்கண்ணு